நேரில் வந்து கூப்பிடுங்கள்

(சேலத்தில் ஒரு திருச்சபையின் சுவிசேஷ வாரக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நற்செய்தியை அறிவிப்பது எப்படி’. நான் போதகர் இல்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். அதனால் ‘அறிவிப்பது’ என்ற சொல்லிலேயே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. நாளைக்குத் தண்ணீர் வராது என்று மாநகராட்சி அறிவிக்கும். வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று ஜங்ஷனில் அறிவிப்பார்கள். அறிவிக்கிறவர் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கூப்பிடுகிறவன் அப்படிப் போக முடியாது. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஆகவே ஆயரின் அனுமதியோடு தலைப்பை ‘அழைப்பது எப்படி’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டால் அது அழைப்பில் சேராது. இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அது இன்னும் மோசம். ‘போட்டோ அனுப்புனாங்க, கூப்பிடலியே’ என்பார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக வர வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீராவது குடிக்க வேண்டும். அந்த வீட்டுக் கிழவியின் முழங்கால் வலியை விசாரிக்க வேண்டும். எழுந்திருக்கும்போது, ‘குடும்பத்தோட வந்தரோணுங்க’ என்று சொல்ல வேண்டும். அதோடும் முடியவில்லை. மொய் நோட்டு என்று ஒன்று இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் போயிருந்தால்தான் என் வீட்டு விசேஷத்துக்கு அவர் வருவார். போகாதவனுக்குக் கூப்பிடும் உரிமை கிடையாது. நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. ‘சபைக்கு வாங்க’ என்று கூப்பிடும்போது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது.

என் பக்கத்து வீட்டில் ஒரு குடும்பம். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். இருபது வருடத்துக்கு மேல் ஒரே சுவர். நாலு வருடத்துக்கு முன் அவர் இறந்துபோனார். எடுத்து மூன்றாம் நாள், வீட்டு வாசலில் போட்ட பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, நாலு பேர் பைபிளோடு வந்தார்கள். எந்தச் சபை என்று சொல்லப்போவதில்லை. ஆறுதல் சொல்கிறோம் என்று ஆரம்பித்து, பத்தே நிமிடத்தில், செத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அந்த அம்மாவிடம் கேட்டார்கள். நரகத்தின் படம் போட்ட கைப்பிரதி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூசிப்போனேன். அந்த அக்கா என்னிடம் என்ன கேட்டார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களைச் சேந்தமங்கலம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் சேந்தமங்கலம். கொல்லிமலையின் அடிவாரத்துக்குப் போகிற வழி. மலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்காமலேயே தாண்டிப் போய்விடுகிற ஊர். ஆனால் கிறிஸ்தவ அழைப்பு என்பது நம் வட்டாரத்தில் எப்படி எப்படியெல்லாம் கேட்டது என்று எழுத வேண்டுமானால் இந்த ஊரில்தான் தொடங்க வேண்டும். கிட்டத்தட்ட முந்நூறு வருட இடைவெளியில் இரண்டு பேர் இங்கே வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றுமே பொருத்தமில்லை.

முதலில் வந்தவர் ராபர்ட் தெ நோபிலி. இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை, இயேசு சபைக் குரு. 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பல வருடமாக இருந்தார். நல்ல மனிதர், சின்ன மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தினார். ஆனால் மதுரைக்காரர் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஏன்? அக்காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களிடம் துபாஷிகள் கேட்ட கேள்வி, ‘பரங்கிக் குலத்தில் சேர உனக்குச் சம்மதமா?’ என்ற பொருளில் இருந்தது. தமிழ் வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், மொழிபெயர்ப்புப் பிழைகளில் இதைவிட விலை கொடுத்த பிழை நம் நாட்டில் அதிகம் இருக்காது. கடவுளிடம் வா என்று கூப்பிட நினைத்தவர்கள், என் சாதிக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

நோபிலி அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டார். காவி உடுத்தினார், மாமிசம் விட்டார், தமிழும் வடமொழியும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கோயில், குரு, பூசை, அருள், வேதம் என்று நாம் இன்று கூச்சமில்லாமல் சொல்கிற சொற்களைக் கிறிஸ்தவத்துக்குள் எடுத்துவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சேலத்தில் வயசானவர்கள் இன்னும் ‘வேதக்கோயில்’ என்றுதானே சொல்கிறார்கள்? சர்ச் என்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். அந்தப் பெயரில் ஒரு அழைப்பு ஏற்கெனவே இருக்கிறது: இதுவும் உன் ஊர்க் கோயில்தான், உள்ளே வா.

இதெல்லாம் சரியா தப்பா என்று ரோமாபுரி வரைக்கும் வழக்குப் போனது. 1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுத்தார். அதே வருடம்தான் நோபிலி மதுரையை விட்டு வடக்கே நடந்தார். வந்து சேர்ந்த இடம் சேந்தமங்கலம். இராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார், மரியாதையாக வரவேற்றார். அங்கிருந்து சேலம். சேலத்தில் கதை வேறு. ஊருக்குள் யாரும் இடம் கொடுக்கவில்லை. பூட்டக் கதவில்லாத சத்திரத்தில் நாள்கணக்கில் கிடந்து, காய்ச்சலில் விழுந்து, அதன் பிறகுதான் அரண்மனையின் பார்வை அவர்மேல் திரும்பியது. சேலத்து மக்களின் விருந்தோம்பலைப் பற்றி நான் வேறு மேடைகளில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். சேலத்தை ஆண்டுகொண்டிருந்த நாயக்கர் நண்பரானார், ஆனால் ஞானஸ்நானம் பெறவில்லை. பெற்றது அவருடைய அண்ணன், திருமங்கல நாயக்கர், 1625இல். பட்டம் தனக்கு வராமல் தம்பிக்குப் போன அண்ணன். திறந்த சத்திரத்தில் கிடந்தவரிடம் வீட்டுக்கு வெளியே நின்றவர்தான் வந்து சேர்ந்தார். சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் ‘அரச குடும்பமே வந்தது’ என்று இதை எழுதிவிடுவார்கள். வந்தது அரண்மனையில் இடமில்லாத ஒருவர்.

நோபிலியை நான் கொண்டாடிக்கொண்டே போனால் இங்கே சிலருக்குக் கோபம் வரும், வர வேண்டும். அவர் சாதியைத் தொடவில்லை. மேல்சாதிக்கு ஒரு வகைக் குரு, கீழே தள்ளப்பட்டவர்களுக்கு வேறு வகைக் குரு என்று அந்த மிஷன் பிரிந்தது. அந்தப் பிரிவுக்கு அன்று ஆயிரம் காரணம் சொன்னார்கள். அதன் வால் இன்னும் அறுபடவில்லை. நம் மாநிலத்தில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் வைத்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. வெளியே போய் ‘எல்லாரும் வாங்க’ என்று கூப்பிடுகிறோம். வந்தவரை எந்தப் பெஞ்சில் உட்கார வைக்கிறோம், பெண் கொடுப்போமா, செத்தால் எங்கே புதைப்போம்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் கூப்பிடப் போனால், விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு உலை வைக்காதவன் கதைதான்.

இடையில் சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் வந்தது. ஜெர்மானியரான லெக்லர் ஐயர் 1840இலிருந்து இங்கே இருந்து, தொழிற்பள்ளி வைத்து, 1861இல் இறந்தார். அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது, உங்களுக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை. வேகமாகத் தாண்டுகிறேன், ஏனென்றால் இரண்டாம் ஆள் காத்திருக்கிறார்.

ஜெஸி பிராண்ட். இங்கிலாந்தில் கட்டட வேலை பழகியவர், ஒரு வருடம் வெப்பநாட்டு மருத்துவம் படித்துக்கொண்டு 1907இல் நம் நாட்டுக்கு வந்தார். பாப்டிஸ்ட் மிஷன் அவரைச் சேந்தமங்கலத்தில் வைத்தது. கீழே இருந்துகொண்டு அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை. மேலே போய் வந்தவர்கள் எல்லாரும் மலைக்காய்ச்சலோடுதான் இறங்கினார்கள். 1913இல் எவ்லின் ஹாரிஸ் என்ற லண்டன் பெண்ணைச் சேந்தமங்கலத்தில் கல்யாணம் செய்துகொண்டு மலையேறினார். இப்போது காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவு, பஸ்ஸிலேயே சிலருக்கு வாந்தி வரும். அன்றைக்குக் கால் நடை, இல்லாவிட்டால் டோலி. வீட்டு மரத்தைக் கீழேயே இழைத்து, ஆட்கள் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பூட்டினார்.

மலையில் என்ன செய்தார்? பல் பிடுங்கினார். சிரங்குக்கு மருந்து போட்டார். நரம்புச் சிலந்தி என்று ஒரு வியாதி இருந்தது, உங்களில் அறுபது தாண்டியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிணற்றுத் தண்ணீரோடு உள்ளே போய், கால் வழியாக முழ நீளப் புழுவாக வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, எடுக்க வேண்டும். பிராண்ட் அதை எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தால் போதாது என்று, காலோடு தண்ணீரில் இறங்காதபடி கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் கட்டச் சொல்லி ஊர் ஊராக நச்சரித்தார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் செய்தார். ஒளித்து வைக்கவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். ‘சேவை மட்டும்தான், மதம் பேசமாட்டேன்’ என்று அவர் சொல்லவில்லை. பேசினார். மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், பேச்சைக் கேட்டுக்கொண்டார்கள், தங்கள் வழியே போனார்கள். வருடக்கணக்கில் ஒருவர்கூட வரவில்லை.

அந்த மலையில் ஒரு பூசாரி இருந்தார். இவர்களை எதிர்த்தவர்களில் முதல் ஆள். வேதக்காரர் பக்கம் போனால் சாமி கோபிக்கும் என்று மக்களைத் தடுத்தவர். முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் வந்த இன்ஃபுளூயன்ஸா மலையையும் விடவில்லை. பூசாரியும் அவர் மனைவியும் படுத்தபோது பயத்தில் யாரும் கிட்டப் போகவில்லை. பிராண்ட் தம்பதி கஞ்சி எடுத்துக்கொண்டு போனார்கள். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். அதன் பிறகுதான் ஜனங்கள் ஒவ்வொருவராக ஆராதனைக்கு வர ஆரம்பித்தார்கள் என்று அந்தக் குடும்பத்தின் சரித்திரம் சொல்கிறது.

இந்தக் கதையை நம் கூட்டங்களில் எப்படிச் சொல்கிறார்கள்? எதிரி தோற்றான், சுவிசேஷம் ஜெயித்தது என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பூசாரி பெரிய மனிதர். தன்னை எதிர்த்த ஆளிடம் பிள்ளையைக் கொடுக்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்? கொல்லிமலையில் அழைத்தவர் யார் என்று கேட்டால், அந்தப் பூசாரி என்றுதான் நான் சொல்வேன். வருடக்கணக்காக வாசலில் நின்ற பிராண்டை, உள்ளே வா, என் குழந்தையை எடுத்துக்கொள் என்று கூப்பிட்டது அவர்தான்.

ஜெஸி பிராண்ட் 1929 ஜூன் மாதம் காய்ச்சலில் இறந்தார், வயது 44. எவ்லினை மிஷன் கீழே வேறு இடங்களில் வேலைக்கு வைத்தது. கொல்லிமலைக்குப் பிறகு பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று சுற்றியுள்ள மலைகளுக்கும் போக வேண்டும் என்பது புருஷனும் பெண்டாட்டியுமாகப் போட்ட கணக்கு. அந்த அம்மாவுக்கு 68 வயதானபோது, போதும், ஓய்வெடுங்கள் என்றது மிஷன். ஒரே ஒரு வருடம் கொடுங்கள், பிறகு தொந்தரவு செய்யமாட்டேன் என்றார். கொடுத்தார்கள். வருடம் முடிந்து வழியனுப்பு விழா. அங்கேதான் சொன்னார்: மிஷனிலிருந்துதான் ஓய்வு, மலையிலிருந்து இல்லை. விழாவுக்கு வந்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் பல தடவை தனியாகச் சிரித்திருக்கிறேன். மட்டக்குதிரை மேல் மலைமலையாகத் திரிந்து, 1974 டிசம்பரில், 95ஆவது வயதில் இறந்தார். இரண்டு பேருக்கும் கல்லறை வாழவந்தியில், பக்கத்தில் பக்கத்தில். ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். இவர்கள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இருந்த பெயர் அது. வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன், 1914இல் பிறந்து அதே மலையில் வளர்ந்தவர்.

இளைஞர்கள் கேட்க நினைக்கிற கேள்வி எனக்குத் தெரியும். ‘சார், இதெல்லாம் அந்தக் காலம். இப்ப வெளிய பேசுனா கேஸ் போடுவாங்களே?’ சட்டத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற வரம்புக்குள். ‘பரப்ப’ என்ற சொல் இருக்கலாமா என்று 1948 டிசம்பர் 6இல் அரசியல் நிர்ணய சபையில் பெரிய வாதம் நடந்தது. இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம் பக்கத்து இந்துக்கள் இருவர், டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் எல். கிருஷ்ணசாமி பாரதியும். தான் பதினான்கு வருடம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்ததாகவும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் டி.டி.கே. அங்கே சொன்னார். நமக்காக வாதாட அந்த அனுபவம்தான் அவருக்குக் கை கொடுத்தது. நம் ஆசிரியர்கள் அவரை நெருக்காமல் விட்டது சுவிசேஷத்துக்கு நஷ்டமா லாபமா? நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. நம் மாநிலத்தில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004 தேர்தலுக்குப் பின் போனது. தீர்ப்பைப் பற்றி நம்மவர்களுக்கு வருத்தம் உண்டு. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கூப்பிடுவது என் வேலை, வருவது அவர் இஷ்டம் என்று நம் கல்யாணப் பத்திரிகை எப்போதோ ஒத்துக்கொண்டதுதானே? தெருவும் வழிபாடும் உரசினால் என்ன ஆகும் என்று சேலத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1882இல் செவ்வாய்ப்பேட்டை மசூதியையும் ஊர்வலத்தையும் வைத்து மூண்ட கலவரத்தில் இந்த ஊர் பட்டது போதும். சேலத்தின் தலைவர்களில் ஒருவரான விஜயராகவாச்சாரியார் மீதே வழக்குப் போட்டார்கள். ஆகவே ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள். பஸ் ஸ்டாண்டில் கத்தை கத்தையாகக் கொடுக்கிற கைப்பிரதியில் மறுநாள் வடை மடித்துக் கொடுக்கிறார்கள், நானே வாங்கித் தின்றிருக்கிறேன். வசனம் எண்ணெயில் நனைந்திருந்தது. அடுத்தவர் கும்பிடுகிற சாமியைச் சாத்தான் என்று சொல்லிவிட்டு அவரைக் கூப்பிடுவது எந்த ஊர் முறை? தாம்பாளத்தோடு வந்தவன், உங்கள் தாத்தா அயோக்கியர் என்று பேச்சைத் தொடங்குவானா?

இப்போது அந்த அக்கா. கைப்பிரதி கொடுத்தவர்கள் போன பிறகு, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ‘மன்னிச்சிருங்க அக்கா, எல்லாரும் இப்படி இல்ல’ என்றேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்து ஜன்னல் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அவிங்க வந்ததுகூடப் பரவால்லீங்க சார். இருவது வருசமா பக்கத்துல இருக்கறீங்க. நீங்க ஒரு தடவகூட எங்கள உங்க கோயலுக்குக் கூப்பிட்டதே இல்லீங்களே?”

எனக்குப் பதில் வரவில்லை. நாகரிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு அப்படிப் படவில்லை. கிறிஸ்துமஸ் கேக்கைச் சுவர் மேலாகக் கொடுப்பேன், பொங்கலுக்கு அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன், மகள் கல்யாணத்துக்கு ஆலயத்துக்கே கூப்பிட்டிருக்கலாம், மண்டபத்துக்கு மட்டும் கூப்பிட்டேன். எங்கள் பெஞ்சில் உட்காரத் தகுதியில்லாதவராக நினைத்தீர்களா என்பதுதான் அந்தக் கேள்வி. நாலு பேர் பத்து நிமிடத்தில் செய்த தப்பை நான் இருபது வருடமாக வேறு விதத்தில் செய்திருக்கிறேன்.

அடுத்த டிசம்பரில் நானும் என் மனைவியும் தாம்பாளம் எடுத்துக்கொண்டு, நான்கு வீடு தள்ளி இருக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க, பக்கத்து வீட்டுக்குப் போனோம். உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம். ‘கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தரோணுங்க’ என்றேன். வந்தார், மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு. முன்னால் உட்காரச் சொன்னேன், கடைசிப் பெஞ்சுதான் வேண்டும் என்றார். பாட்டுக்கு எழுந்தார், ஜெபத்துக்குத் தலை குனிந்தார். மனதில் யாரை நினைத்துக் குனிந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வருடமும் வருகிறார். ஞானஸ்நானம் பெறவில்லை. அது பற்றி என்னிடம் விசாரிக்கிற மூப்பர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள்.

முதல் வருடம் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அவர் சொன்னது இதுதான்: “நாங்க வந்துட்டம்ங்க. ஆடிக்கு நீங்க வரோணும்.”

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தது. அவர் வீட்டு வாசலில் கூழ் ஊற்றினார்கள். போனேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்று கொரிந்து சபைக்காரர்களும் பவுல் அப்போஸ்தலரைக் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலை வீட்டுக்குப் போய் முழுசாகப் படியுங்கள், நம் பிரசங்கங்களில் பாதிதான் சொல்கிறார்கள். நான் கூழ் குடித்தேனா என்று கேட்க இங்கே மூன்று பேர் கையைத் தூக்கக் காத்திருக்கிறீர்கள், தெரிகிறது. குடித்தேன். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்திருந்தார்கள். இரண்டாவது சொம்பும் வாங்கினேன்.